காற்றில் வரைந்த முகங்கள்

1949-ஆம் ஆண்டு, தெற்கு பிரான்சில் மண்பாண்டத்துக்குப் பேர்போன வல்லோரி என்ற ஊருக்கு ஜோன் மிலி என்ற புகைப்படக்காரர் வந்திறங்கினார். அங்கே குடியிருந்த பாப்லோ பிக்காசோவை 'லைஃப்' இதழுக்காகப் படம் எடுக்க வேண்டும். மிலி கையோடு சில பழைய படங்களைக் கொண்டுவந்திருந்தார். ஐஸ் ஸ்கேட்டிங் ஆடுபவர்களின் காலணியில் சின்னச் சின்ன விளக்குகளைக் கட்டி, இருட்டில் சுழலவிட்டு, கேமராவின் கண்ணை மூடாமலே வைத்து எடுத்த படங்கள் அவை. விளக்கு ஓடிய வழியெல்லாம் கோடாக விழுந்திருந்தது. ஒரே ஒரு சோதனைக்கு 15 நிமிடம் ஒதுக்கினார் பிக்காசோ. அது எப்படி வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு மொத்தம் ஐந்து அமர்வுகளுக்கு இருட்டறைக்குள் வந்து நின்றார். கையில் ஒரு சிறிய மின்விளக்கு, அவ்வளவுதான். காளைகள், பாதி மனிதனும் பாதி குதிரையுமான சென்டார்கள், கிரேக்கச் சாயலில் பக்கவாட்டு முகங்கள், தன் கையெழுத்து என்று 30 சித்திரங்களைக் காற்றிலேயே போட்டார்.

போட்ட கோடு போட்டவர் கண்ணுக்கே தெரியாது. மூக்கை எங்கே முடித்தோம், கண்ணை எங்கே தொடங்க வேண்டும் என்பதெல்லாம் கையின் நினைவில் இருந்தால்தான் உண்டு. பிலிமைக் கழுவிய பிறகுதான் முகம் வெளிப்படும். மிலி இன்னொரு காரியமும் செய்திருந்தார். முன்னால் ஒரு கேமரா, பக்கத்தில் ஒரு கேமரா என இரண்டை நிறுத்தியிருந்தார். எதிரே நின்று பார்த்தால் காளையாகத் தெரியும் கோடு, பக்கத்தில் போய் நின்று பார்த்தால் என்னவாகத் தெரியும்? மெய்நிகர் உலகில் முகம் வரையும் எல்லாரையும் இன்றுவரை படுத்துகிற கேள்வி அது.

கையின் அசைவை ஒளிக்கோடாகப் பிடிக்கும் வித்தையை மிலிக்கு முன்பே வேறு ஒரு காரியத்துக்காகச் செய்து பார்த்திருந்தார்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதி 1910-களில் தொழிலாளிகளின் விரலில் குட்டி விளக்கை மாட்டி, வேலை செய்யும்போது கை போகும் பாதையைப் படம் பிடித்தார்கள். ஆழம் தெரிவதற்காக இரட்டைப் படமாகவும் எடுத்தார்கள். அதைப் பார்த்து அந்தப் பாதையைக் கம்பியில் வளைத்தும் வைத்தார்கள். அவர்கள் தேடியது வீண் அசைவை. கலை அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஆனாலும் கையசைவு ஒரு பொருளாகிக் கண்முன் நிற்கலாம் என்பதைக் காட்டியது அந்தக் கம்பிதான்.

கணினிக்குள் ஒரு முகம் நுழைந்தது 1963-இல். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில் டி.எக்ஸ்-2 என்ற கணினி இருந்தது. அதன் திரைமேல் ஒளிப்பேனாவை வைத்து நேரடியாக வரைவதற்கு 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை எழுதினார் இவான் சதர்லாந்து. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேட்டில் பெரும்பகுதி பாலங்கள், இணைப்புக் கம்பிகள், மின்சுற்றுகள் என்று பொறியியல் விவகாரம். கடைசிப் பக்கங்களில் மட்டும் திடீரென்று ஒரு பெண் எட்டிப் பார்க்கிறாள். 'நெஃபர்டீட்டி' என்று அவளுக்குப் பெயர். கண் இல்லாத முகத்தை ஒரு தடவை வரைந்துகொண்டு, மூன்று வகைக் கண்களைத் தனியாக வரைந்து வைத்தார் சதர்லாந்து. கண்ணை மாற்றிப் பொருத்தினால் அவள் கண்ணடிப்பாள். கணினி வரைபட நிரல்களின் முன்னோடியைச் செய்தவருக்கும் பாலத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் வரவில்லை.

ஒளிப்பேனாவுக்கு ஒரு பெரிய வசதி இருந்தது: முட்டிக்கொள்ளக் கண்ணாடித் திரை. கூடவே ஒரு வலியும் இருந்தது. செங்குத்தான திரைக்கு முன்னால் கையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகும். கணினிக்காரர்கள் இதற்கு 'கொரில்லா கை' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த வலி இன்னும் தீர்ந்தபாடில்லை.

1968-இல் அதே சதர்லாந்து தலையில் மாட்டும் முப்பரிமாணத் திரையைச் செய்து காட்டினார். கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கையோடு அதைப் பிணைத்திருந்தார்கள். அதனால் 'டமாக்ளிஸின் வாள்' என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. பிறகு அவர் யூட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த சில ஆண்டுகளுக்கு அந்த ஊரில்தான் எல்லாமே நடந்தது.

1971-இல் அங்கே ஆன்ரி கூரோ என்ற பிரெஞ்சு மாணவர் தன் மனைவி சில்வியின் முகத்தின்மேல் மையால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அதை அளந்து கணினிக்குள் ஏற்றினார். தட்டையான பலகோணங்களால் ஆன முகத்தை வழவழப்பாகக் காட்டுவதற்கு அவர் கண்டுபிடித்த நிழலூட்டும் முறை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. அடுத்த ஆண்டு எட் கேட்மல் தன் இடது கையைப் பிளாஸ்டர் மாவில் வார்த்தெடுத்தார். முன்கூட்டியே வாசலின் தடவிக்கொள்ள மறந்துவிட்டதால், அச்சைக் கழற்றும்போது புறங்கை மயிர் அத்தனையும் பிய்ந்து வந்ததாம். அந்த வார்ப்பின்மேல் 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் மையால் வரைந்து, ஒவ்வொரு முனையாக அளந்தார். உடன் படித்த ஃபிரெட் பார்க் அதேபோல் ஒரு மனித முகத்தைக் கட்டினார். கையும் முகமும் ஒரே குறும்படத்தில் இடம்பெற்றன. 1976-இல் வெளிவந்த 'ஃபியூச்சர்வேர்ல்டு' திரைப்படத்தில் அவை தலைகாட்டின. 2011-இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் அந்தக் குறும்படம் சேர்ந்தது. கேட்மல் பின்னாளில் பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர்.

கையும் முகமும் ஒன்றாகத்தான் கணினிக்குள் போயின. ஆனால் அந்தக் கை அந்த முகத்தை வரையவில்லை. இரண்டுமே அளவுகோல் வைத்து அளந்து ஏற்றிய சரக்குகள். வரையும் கையை அதே யூட்டாவில் முயன்றவர் ஜிம் கிளார்க். பின்னாளில் சிலிக்கான் கிராஃபிக்ஸ், நெட்ஸ்கேப் என்று நிறுவனங்களைத் தொடங்கிக் கோடீஸ்வரரான அதே கிளார்க்தான். 1974-இல் முடித்த தன் ஆய்வுக்காகச் சதர்லாந்தின் தலைத்திரையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு கோலை வைத்து, எதிரே மிதக்கும் வளைபரப்பின் முனைகளைப் பிடித்து இழுத்து உருவம் சமைத்தார். இன்றைய மெய்நிகர் (வி.ஆர்.) வரைகருவிகளுக்கெல்லாம் முப்பாட்டன் அது.

ஆனால் வெறும் விரலால் வரைவது வேறொரு ஊரில், ஒரு விளையாட்டிலிருந்து பிறந்தது.

1970-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மைரன் க்ரூகர் 'மெட்டாபிளே' என்ற கண்காட்சியை நடத்தினார். பார்வையாளர்கள் ஒரு கூடத்தில் நிற்பார்கள். அவர்கள் உருவம் பெரிய திரையில் தெரியும். தள்ளியிருந்த கணினி மையத்தில் க்ரூகர் உட்கார்ந்துகொண்டு, வரைபலகையில் போடும் கோடுகளை அந்த உருவத்தின்மேல் கலந்து அனுப்புவார். ஒரு நாள் ஒரு மாணவரின் கையைச் சுற்றிக் கோடு போட முயன்றார். இதென்ன கிறுக்கல் என்று புரியாமல் மாணவர் கையை நகர்த்திக்கொண்டே இருந்தார். க்ரூகர் அழித்து அழித்துப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது தொட்டுப் பிடிக்கும் ஆட்டமாகிவிட்டது. கோடு மாணவரின் விரல் நுனியில் வந்து நின்றது. மாணவர் விரலை அசைத்தார். க்ரூகர் அதே வழியில் கோட்டை இழுத்தார். மாணவர் தன் விரலாலேயே காற்றில் வரைவதுபோல் திரையில் தெரிந்தது! விரலை இன்னொருவர் விரலோடு தொடுத்தால் கோடு அவருக்குக் கைமாறியது. உண்மையில் வரைந்தது பலகையின்மேல் இருந்த க்ரூகரின் கை. ஆனாலும் கூடத்தில் இருந்தவர்கள் அந்த வித்தையை ஒரு நிமிடத்தில் கற்றுக்கொண்டு விளையாடத் தொடங்கிவிட்டார்கள்.

கணினியால் செய்ய முடியாததை மனிதன் ஒளிந்திருந்து செய்து காட்டினான். பிறகு அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தான். க்ரூகர் பின்னர் உருவாக்கிய 'வீடியோபிளேஸ்' பார்வையாளரின் நிழலுருவத்தைக் கேமராவால் பிடித்துத் தானே அலசியது. ஆள்காட்டி விரலை நீட்டினால் கோடு விழும். விரலை மடக்கினால் நிற்கும். ஐந்து விரல்களையும் விரித்தால் எல்லாம் அழியும். கையுறை இல்லை, தலையில் கனம் இல்லை, பாடம் எடுக்க ஆள் இல்லை. இன்றைக்குக் கைச்சைகை என்று புதுப்பெயரில் விற்பதில் பாதியை 1980-களிலேயே அவர் இலவசமாக மக்கள் கையில் விட்டுவிட்டார். அவருக்கு உரிய புகழ் கிடைக்கவில்லை என்பது இந்த வரலாற்றைப் படிப்பவர்கள் எல்லாருக்கும் தோன்றும் குறை.

புகழ் கையுறைக்குப் போனது. தாளத்துக்கேற்பக் காற்றில் கிதார் வாசிக்க ஆசைப்பட்ட தாமஸ் ஸிம்மர்மேன், விரல் மடங்குவதை ஒளியால் உணரும் கையுறையைச் செய்தார். ஜேரன் லேனியரின் வி.பி.எல். நிறுவனம் அதை 'டேட்டாகிளவ்' என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. 1987-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழின் அட்டையில் அது ஏறியது. 1989-இல் மட்டெல் நிறுவனம் அதன் மலிவுப் பதிப்பை விளையாட்டுப் பொருளாக விற்றது. கையுறையை மாட்டியவர்கள் விரலை நீட்டிப் பறந்தார்கள், பொருளை எடுத்தார்கள், வைத்தார்கள். முகம் வரைய அது உதவவில்லை. விரல் எவ்வளவு மடங்கியது என்று அதற்குத் தெரியும். மூக்கின் நுனியை வளைப்பதற்கு வேண்டிய நுட்பம் அதனிடம் இல்லை.

நாற்காலியின் கால் ஒரு விரல் அளவு கோணினாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கண்ணின் ஓரம் ஒரு மயிரிழை தாழ்ந்தால் சிரித்த முகம் அழுத முகமாகிவிடும். அப்படிப்பட்ட வேலைக்குத் தாளும் களிமண்ணும் ஓசையில்லாமல் ஒரு துணை செய்கின்றன. அவை கையைத் தடுக்கின்றன. மணிக்கட்டைத் தாளில் ஊன்றலாம், சுண்டுவிரலை முட்டுக்கொடுக்கலாம், மண்ணை அழுத்தினால் எவ்வளவு போயிற்று என்று விரலுக்குத் தெரியும். காற்று இதில் எதையும் செய்யாது. நீர்மேல் எழுத்தாவது கைக்குக் கொஞ்சம் ஈரத்தைக் காட்டும். டொரன்டோ பல்கலைக்கழகமும் ஆட்டோடெஸ்க் நிறுவனமும் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, மெய்நிகர் உலகில் கோடு பிசகுவதற்குத் தொட்டு வரையப் பரப்பு இல்லாததே பெரிய காரணம் என்று சொன்னது. கலைஞர்களின் கை அதை வெகு முன்பே அறிந்திருந்தது.

பொறியாளர்களும் அறிந்திருந்தார்கள். 1991-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் டின்ஸ்லி கேலியன், ஜான் ஹியூஸ் இருவரும் திரைக்குள் இருக்கும் களிமண்ணைச் செதுக்கும் நிரலை எழுதினார்கள். கை பிடிக்கும் உணர்கருவியை ஒரு சட்டத்தின் நடுவில், மூலைகளிலிருந்து இழுத்துக் கட்டிய ரப்பர்க் கயிறுகளில் தொங்கவிட்டார்கள். எந்தப் பக்கம் நகர்த்தினாலும் லேசாக இழுக்கும். ஏழைகளுக்கான தொடு உணர்வுக் கருவி என்று அவர்களே அதைக் கிண்டலாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பணக்காரக் கருவி சில ஆண்டுகளில் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. தாமஸ் மாஸி என்ற மாணவரும் பேராசிரியர் கென்னத் சாலிஸ்பரியும் செய்த 'ஃபான்டம்', மேசைமேல் நிற்கும் சிறு இயந்திரக் கை. அதன் நுனியில் பேனாவைப்போல் ஒரு பிடி. திரைக்குள் இருக்கும் பொருளில் பேனா முனை இடித்தால் கைக்குள் மோட்டார் எதிர்த்துத் தள்ளும். கெட்டியான எலும்புக்கு ஒரு விதமாக, மெழுகுக்கு வேறு விதமாக. மாஸி பிறகு அரசியலில் இறங்கி, கென்டக்கி மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். கருவி ஸ்காட்லாந்துக்குப் போய் ஓர் அரசனின் முகத்தைச் செய்தது.

2012-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்தைத் தோண்டியபோது பக்கவாட்டில் வளைந்த முதுகெலும்போடு ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 1485-இல் போஸ்வொர்த் போர்க்களத்தில் மாண்ட மூன்றாம் ரிச்சர்ட் மன்னன்தான் அது என்று 2013 பிப்ரவரியில் உறுதிசெய்தார்கள். மறுநாளே அவன் முகமும் வெளிவந்தது. செய்தவர் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோலின் வில்கின்சன். அவருடைய தொழில் இப்படி: ஸ்கேன் எடுத்த மண்டையோடு திரையில் மிதக்கும். எந்த இடத்தில் சதை எவ்வளவு கனம் இருக்கும் என்ற அளவுகளை முளைகளாக அதில் நடுவார்கள். பிறகு தாடைத் தசை, கன்னத் தசை, கண்ணைச் சுற்றிய வளையத் தசை என்று ஒவ்வொன்றாக ஏற்றி, இயந்திரப் பேனாவால் எலும்பில் படியவைப்பார்கள். திரையில் பார்த்தால் மட்டும் போதாது; எலும்பின் மேட்டில் பேனா முட்டுவதைக் கை உணர வேண்டும். கடைசியில் தோல். ரிச்சர்டின் முகத்தை இப்படிக் கணினியில் முடித்துப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்து, வண்ணம் பூசி, முடி வைத்தார்கள். பழைய ஓவியங்களைப் பார்த்து வைத்த கருத்த முடியை 2014 டிசம்பரில் வந்த மரபணு ஆய்வு கேள்விக்குள்ளாக்கியது: கண் நீலமாகவும், சிறுவயதிலாவது முடி பொன்னிறமாகவும் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். நிறம் மாறலாம், எலும்பைத் தொட்டுப் பார்த்துச் செய்த வடிவம் நின்றது. மெய்நிகர் கையால் செய்த முகங்களில் இதற்கு இணையாக நம்பத்தக்கது வேறு இல்லை என்று துணிந்து சொல்லலாம்.

கலைஞர்களின் பக்கம் 2001 ஒரு நல்ல ஆண்டு. கால்டெக்கில் ஸ்டீவன் ஷ்கோல்னி செய்த 'சர்ஃபேஸ் டிராயிங்' கையையே தூரிகையாக்கியது. காற்றில் கையை வளைத்து இழுத்தால், உள்ளங்கை வளைந்த வாக்கில் ஒரு பரப்பு பின்னாலேயே விழும். கன்னத்தைத் தடவுவதுபோல் தடவினால் கன்னம் வரும். நகர்த்துவதற்கும் அழிப்பதற்கும் சைகை வைக்காமல், கையில் நிஜமான இடுக்கியையும் அழிப்பானையும் கொடுத்தார் ஷ்கோல்னி. ஓவியர் ஜென் கிரே இந்தக் கருவியின் முன்னால் மாடலை நிற்கவைத்து, ஓவியப் பள்ளியில் செய்வதுபோலவே பார்த்துப் பார்த்து உருவம் வரைந்தார். அதே ஆண்டு பிரவுன் பல்கலைக்கழகத்தில் டேனியல் கீஃப், மூன்று சுவர்களும் தரையும் திரையாக இருந்த அறைக்குள் நிஜத் தூரிகையையும் வண்ண வாளியையும் வைத்து வரையும் 'கேவ்பெயின்டிங்'கைச் செய்தார். 2007-இல் அவரே ஒரு கையால் கோட்டையும் மறு கையால் அது போகும் திசையையும் பிடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். வெறுங்கையிலிருந்து தொடங்கியவர்கள் எல்லாம் கடைசியில் கைக்குப் பிடிக்க ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் முடித்தார்கள்.

சந்தைக்கு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். ட்ரூ ஸ்கில்மேன், பேட்ரிக் ஹேக்கெட் இருவரும் 2014-இல் செய்த 'டில்ட் பிரஷ்'ஷை மறு ஆண்டே கூகுள் வாங்கியது, 2016-இல் எச்.டி.சி. வைவ் கருவியோடு வெளியிட்டது. கையில் பிடிக்க இரண்டு கன்ட்ரோலர்கள். ஒன்று தூரிகை, ஒன்று வண்ணத்தட்டு. டிஸ்னியில் கடல்கன்னி ஏரியலையும் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் மிருகத்தையும் உருவாக்கிய க்ளென் கீன், 2015-இல் ஒரு குறும்படத்துக்காக ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு டில்ட் பிரஷ்ஷில் ஏரியலை ஆள் உயரத்துக்கு வரைந்தார். ஆக்குலஸ் நிறுவனத்தில் இனிகோ கீலெஸ் எழுதிய 'குவில்' நிரலால் ஓவியர் வெஸ்லி ஆல்ஸ்புரூக் 'டியர் ஏஞ்சலிகா' என்ற படத்தையே முழுக்கக் காற்றில் வரைந்தார். 2017 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அது திரையேறியது.

அங்கே ஓவியர்கள் எல்லாரும் மிலியின் இரண்டாவது கேமராவில் போய் மோதினார்கள். தாளில் மூக்குக்கு ஒரு கோடு போட்டால் போதும். பார்ப்பவர் மனம் மிச்சத்தைக் கட்டிக்கொள்ளும். மெய்நிகர் உலகில் அந்தக் கோடு ஓர் இடத்தில் கம்பிபோல் நிற்கிறது. இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் மூக்கு கன்னத்தைத் தாண்டி வெளியே தொங்கும், நெற்றி தட்டையாகிவிடும். ஓவியருக்குச் சிற்பியின் கண் வேண்டியிருக்கிறது, அதுவும் சிற்பிக்குக் கிடைக்கும் மண் இல்லாமல்.

கன்ட்ரோலரும் வேண்டாம், வெறுங்கையே போதும் என்ற பழைய ஆசை இதற்கிடையே திரும்பி வந்தது. 2013-இல் வந்த 'லீப் மோஷன்' என்ற சிறு பெட்டி அகச்சிவப்புக் கேமராவால் பத்து விரல்களையும் பின்தொடர்ந்தது. 2019 கடைசியில் ஆக்குலஸ் குவெஸ்ட் ஹெட்செட்டிலேயே அந்த வசதி வந்துவிட்டது. க்ரூகரின் நீட்டிய விரலுக்குப் பதிலாகக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் 'பிஞ்ச்' பொதுச் சைகையானது. அதில் ஒரு சின்ன வில்லங்கம் உண்டு. கோட்டை முடிக்க விரல்களைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும் கணத்தில் நுனி கொஞ்சம் துள்ளும். கோட்டின் வாலில் ஒரு கொக்கி விழும். சைகையே அளவைக் கெடுக்கும் இந்தச் சிக்கலுக்கு ஆய்வாளர்கள் இயற்பியலிலிருந்து கடன் வாங்கி 'ஹைசன்பர்க் விளைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சுவரோவியத்தில் அந்தக் கொக்கி தெரியாது. இமையின் ஓரத்தில் விழுந்தால் ஆளே மாறிவிடுவார்.

கொக்கியை மறைக்க ஒரு குறுக்குவழியும் வந்திருக்கிறது. ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட 'டீப்ஸ்கெட்ச்2ஃபேஸ்' என்ற கருவியில் சில கோடுகளைக் கிறுக்கினால் போதும். எண்ணற்ற முகங்களைப் படித்த நிரல் முப்பரிமாண முகத்தையோ கேலிச்சித்திரத்தையோ தானே கட்டும். பிறகு சைகைகளால் திருத்திக்கொள்ளலாம். வேகமான வழி, வசதியான வழி. ஆனால் தடுமாறிய கோட்டை ஏற்கெனவே பார்த்த முகங்களின் சராசரியை நோக்கி இழுப்பது இத்தகைய கருவிகளின் இயல்பு. ஒருவர் முகத்தை அவருடையதாக ஆக்குவது சராசரியிலிருந்து விலகிய அந்தச் சிறு கோணல்தான். அதைக் கை சொல்ல வேண்டும். நிரலிடம் விட்டுவிட்டால் எல்லாரும் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள்.

டில்ட் பிரஷ்ஷை மேலும் வளர்ப்பதை நிறுத்திய கூகுள், 2021 ஜனவரியில் அதன் மூலநிரலைப் பொதுவில் விட்டது. தன்னார்வலர்கள் அதை 'ஓபன் பிரஷ்' என்ற பெயரில் வளர்த்து வருகிறார்கள். ஹெட்செட் வைத்திருக்கும் நண்பர் யாராவது அகப்பட்டால் ஒரு மணி நேரம் கடன் கேளுங்கள். கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஒரு முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோடு போட்ட பிறகும் பக்கவாட்டில் நடந்து போய்ப் பாருங்கள். மூக்கிலிருந்து தொடங்குங்கள், கண்ணைக் கடைசியில் வையுங்கள்.